"சார், கோர்ஸ் வேலை செய்யலை": அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பெங்களூரில் நிறுவனங்களுக்கு இணையவழிப் பயிற்சி செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். "கோர்ஸ் வேலை செய்யலை" என்ற அழைப்பு வராத வாரம் குறைவு. பொம்மசந்திராவில் ஷிஃப்ட் முடித்த ஆபரேட்டரும் இதையே சொல்வார், ஒயிட்ஃபீல்டில் இருக்கும் எச்ஆர் மேலாளரும் இதையே சொல்வார். ஆனால் ஒருவருக்கு வீடியோ ஓடவில்லை, இன்னொருவருக்கு ரிப்போர்ட்டில் முடித்ததைக் காட்டும் பச்சை வரவில்லை. அதனால் இந்த வழிமுறையை மென்பொருள் வாரியாகப் பிரிக்காமல், ஆட்கள் சொல்லும் புகார் வாரியாகவே எழுதுகிறேன். இங்கேயும் ஓசூர் எல்லைப் பக்கமும் தமிழ்ப் பணியாளர்களுக்குக் கோர்ஸ் செய்கிறவர்கள் என் மனத்தில் இருக்கிறார்கள்.

எதைத் திருத்துவதற்கு முன்பும் ஒன்று செய்யுங்கள். கோர்ஸைச் செய்யும் மென்பொருளான ஆத்தரிங் டூலைத் திறக்காமல், புகார் சொன்னவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். போக முடியாவிட்டால் அவர் கைபேசித் திரையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கருவி, எந்த பிரவுசர், எந்தத் திரையில் நின்றது, நின்றபோது என்ன எழுதியிருந்தது என்று நான்கு விவரம் வேண்டும். நம் மேசையில், நம் வைஃபையில், எல்லாக் கோர்ஸும் நன்றாகத்தான் ஓடும்.

"முடிச்சுட்டேன், ஆனா முடிக்கலன்னு காட்டுது"

அதிகம் வரும் புகார் இது. காரணங்களும் அதிகம், அதனால் வரிசையாகப் போக வேண்டும்.

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோர்ஸும், அதை நடத்திப் பதிவு வைக்கும் மென்பொருளான எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ளும் பொது விதிமுறைதான் ஸ்கார்ம். அந்த வடிவில் ஜிப்பாகக் கட்டிய அதே பேக்கேஜை, ஸ்கார்ம் கிளவுட் என்ற சோதனைத் தளத்தில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள்; சோதனைக்கு இலவசக் கணக்கு போதும். அங்கேயும் முடித்ததாகப் பதிவாகவில்லை என்றால் கோளாறு பேக்கேஜில் இருக்கிறது. அங்கே சரியாகப் பதிவானால் உங்கள் எல்எம்எஸ்ஸிலோ அலுவலக நெட்வொர்க்கிலோ தேட வேண்டும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் வெண்டருக்கும் ஐடி பிரிவுக்கும் நடுவே வாரக்கணக்கில் மெயில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பேக்கேஜில்தான் என்று தெரிந்தால், முடிந்ததை அது எந்தச் சொல்லால் அனுப்புகிறது என்று பாருங்கள். 2001இல் வந்த ஸ்கார்ம் 1.2 இன்னும் பல நிறுவனங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நிலையைச் சொல்ல ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. பாஸ்டு, ஃபெயில்டு, கம்ப்ளீட்டட், இன்கம்ப்ளீட் எல்லாம் அந்த ஒரே கட்டத்தில் வந்து உட்கார வேண்டும். க்விஸ்ஸில் தேறியவருக்குக் கோர்ஸ் "பாஸ்டு" என்று அனுப்பும், எல்எம்எஸ்ஸோ "கம்ப்ளீட்டட்" வரட்டும் என்று காத்திருக்கும். ஆத்தரிங் டூலில் பப்ளிஷ் செய்யும்போது, அதாவது பேக்கேஜாக வெளியே எடுக்கும்போது, வரும் ரிப்போர்ட்டிங் பகுதியில் இந்தச் சொல்லை மாற்றலாம். ஸ்கார்ம் 2004இல் பார்த்து முடித்ததற்கு ஒரு கட்டம், தேறியதற்குத் தனிக் கட்டம் என்று பிரித்துவிட்டார்கள். அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

சொல்லும் சரியாக இருக்கிறதா? அப்படியானால் கடைசித் திரையில் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். "க்ராஸ் போட்டு மூடிட்டேன்" என்பார். பக்கம் மூடும் கணத்தில் தகவலை அனுப்பிவிட்டு மூடும் பழைய முறையை, 2020 தொடக்கத்தில் வந்த குரோம் 80ஆம் பதிப்பு தடுத்துவிட்டது. அதற்கு முன் செய்த கோர்ஸ்களில் பல, எல்லாவற்றையும் மூடும்போதுதான் மொத்தமாக அனுப்பும். ஆத்தரிங் டூலின் புதிய பதிப்பில் திறந்து மறுபடி பப்ளிஷ் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எப்படியானாலும், க்விஸ் முடிவு திரையில் வந்த உடனேயே நிலை போய்ச் சேர்ந்துவிட வேண்டும். "வெளியேறு" பட்டனை யாராவது அழுத்துவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

அடுத்தது பாப்அப். கோர்ஸ் தனி விண்டோவில் திறக்கும், ஆனால் எல்எம்எஸ்ஸோடு பேசும் வழி பின்னால் நிற்கும் விண்டோவில் இருக்கும். "இது எதுக்கு சும்மா" என்று அதை மூடிவிட்டால் கோர்ஸ் அழகாக ஓடும், ஒன்றும் பதிவாகாது. கைபேசியில் இது அடிக்கடி நடக்கிறது. அதே விண்டோவில் திறக்கும்படி எல்எம்எஸ்ஸில் மாற்றுங்கள்.

அப்புறம் சாப்பாட்டு இடைவேளை. பாதியில் நிறுத்திவிட்டு கேன்டீன் போய் வருவதற்குள் லாகின் காலாவதி ஆகியிருக்கும். கோர்ஸ் ஏற்கனவே இறங்கிவிட்டதால் தொடர்ந்து ஓடும். அவருக்கு எதுவும் தெரியாது. லாகின் நேரத்தை நீட்டித் தரச் சொல்லுங்கள். பாதுகாப்புப் பிரிவு முடியாது என்றால் கோர்ஸைச் சிறிய பகுதிகளாகப் பிரியுங்கள்.

கடைசிக் காரணம் நாம் செய்யும் தவறு. எல்லா ஸ்லைடையும் பார்த்தால்தான் முடிந்தது என்று வைத்திருப்போம். தவறான விடை சொன்னவர்களுக்கு மட்டும் வரும் விளக்க ஸ்லைடும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை சொன்னவர் அந்த ஸ்லைடைப் பார்க்கவே மாட்டார், அவருக்கு 100 சதவீதமும் வராது. நன்றாகக் கற்றவரே "முடிக்காதவர்" பட்டியலில் வந்து, மேலாளரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பப்ளிஷ் செய்யும் முன் ஒரு முறை எல்லா விடையும் சரியாக, ஒரு முறை எல்லா விடையும் தவறாகச் செய்து பாருங்கள். இந்த இரண்டு ஓட்டத்தையும் நான் வேறு யாரிடமும் விடுவதில்லை.

"பாதியில விட்டா திரும்ப முதல்லேருந்து வருது"

எங்கே விட்டோம் என்ற குறிப்பைக் கோர்ஸ் சஸ்பெண்ட் டேட்டா என்ற இடத்தில் எழுதி வைக்கிறது. ஸ்கார்ம் 1.2 அதற்குத் தரும் இடம் 4,096 எழுத்து. நீளமான கோர்ஸில் அது நிரம்பிவிட்டால் சில எல்எம்எஸ் மிச்சத்தை வெட்டிவிடும், சில மொத்தத்தையும் ஏற்காது. இரண்டிலும் விளைவு ஒன்றுதான்.

தமிழில் இது இன்னும் சீக்கிரம் நிரம்பலாம். பணியாளர் தன் கருத்தைத் தமிழில் தட்டச்சு செய்யும் பெட்டி இருந்து, அதையும் இந்தக் குறிப்பிலேயே கோர்ஸ் சேமித்தால் கவனியுங்கள். இணைய முகவரிகளில் தமிழ் வரும்போது சதவீதக் குறிகளாக மாறுமே, அதே வடிவில் மாற்றி எழுதும் கோர்ஸ்கள் உண்டு. அந்த வடிவில் "க" என்ற ஓர் எழுத்து 9 இடம் பிடிக்கும். "கொ" என்பது கணினிக்கு இரண்டு குறி, அதனால் 18 இடம். மொத்தம் 455 குறிகளில் இடம் தீர்ந்துவிடும். ஒரு நல்ல பத்தி எழுதினால் போதும். "ஆங்கிலத்துல டெஸ்ட் பண்ணினோம், சரியா இருந்ததே" என்பார்கள். ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம்தானே.

உங்கள் எல்எம்எஸ் ஏற்குமானால் ஸ்கார்ம் 2004இன் நான்காம் பதிப்பில் பப்ளிஷ் செய்யுங்கள். அதில் 64,000 எழுத்து வரை இடம் உண்டு. ஏற்காது என்றால் கோர்ஸை இரண்டாக்கி, கருத்துப் பெட்டியைத் தனி ஃபார்முக்கு மாற்றிவிடுங்கள்.

"அப்லோடே ஆகலை"

ஜிப் ஃபைலைத் திறந்தவுடன் கோர்ஸில் என்னென்ன இருக்கிறது என்று எல்எம்எஸ்ஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் எக்ஸ்எம்எல் ஃபைல் முதல் வரிசையிலேயே தெரிய வேண்டும். யாரோ ஜிப்பைப் பிரித்து, ஃபோல்டரோடு சேர்த்து மறுபடி ஜிப் செய்திருப்பார்கள். மேனிஃபெஸ்ட் ஒரு படி உள்ளே போயிருக்கும். ஃபோல்டருக்குள் நுழைந்து, உள்ளே இருப்பதை மட்டும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். படங்களுக்கும் ஆடியோவுக்கும் தமிழில் ஃபைல் பெயர் வைத்திருந்தால் ஆங்கில எழுத்துக்கு மாற்றுங்கள்.

ஏற்கனவே ஏற்றியிருக்கும் பழைய கோர்ஸ் வெற்றுத் திரையாக நின்றால் அது ஃபிளாஷ் என்ற பழைய அசைவூட்டத் தொழில்நுட்பத்தில் செய்ததா என்று பாருங்கள். ஃபிளாஷுக்கான ஆதரவு 31 டிசம்பர் 2020இல் முடிந்துவிட்டது. மூல ஃபைல் இருந்தால் புதிய வடிவில் பப்ளிஷ் செய்யலாம், இல்லையென்றால் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். வெண்டரோடு ஒப்பந்தம் போடும்போதே மூல ஃபைலைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

"தமிழ் எழுத்து உடைஞ்சு வருது"

எப்படி உடைகிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறதா? எழுத்தைக் கோர்க்கும் வேலையை அந்த மென்பொருள் செய்யவில்லை. படத்துக்குள்ளும் வீடியோவுக்குள்ளும் எழுதிய தமிழில் இது அதிகம். ஃபோட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றில் "வேர்ல்டு ரெடி" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். சரியாகாத மென்பொருளில், தமிழ் வரியைத் தனியே படமாக்கி ஒட்டாதீர்கள். முடிந்தவரை எழுத்தை எழுத்தாகவே கோர்ஸின் டெக்ஸ்ட் பெட்டியில் வையுங்கள்.

ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து குப்பையாகத் தெரிகிறதா? பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த உரை. யூனிகோடுக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கோர்ஸுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது வகைதான் பொல்லாதது, ஏனென்றால் கண்ணுக்கு உடைந்ததே தெரியாது. "சௌகரியம்" என்பதில் உள்ள சௌ எழுத்தை, எகரக் கொம்புக்குப் பின் ளகரம் போட்டு அடித்திருப்பார்கள். "எச்சரிக்கை" என்பதில் ரி வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் இகரக் குறியும் இருக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. கோர்ஸுக்குள் "எச்சரிக்கை" என்று தேடினால் கிடைக்காது. செயற்கைக் குரல் தடுமாறும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளில் இது நிறைய. சரியாகத் தட்டச்சு செய்த ஒரு சொல்லை வைத்து உரை முழுக்கத் தேடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தேடல் நிற்காவிட்டால், அங்கே தவறு இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு வரைந்த பெட்டிக்குள் தமிழ் அடங்காமல் வழிவதும் உண்டு. எழுத்தைச் சுருக்கித் திணிக்க வேண்டாம். தமிழும் வரப்போகிற கோர்ஸ் என்றால் முதல் நாளே பெட்டியை ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்துவிடுவேன்.

"சத்தம் வரலை", "குரல் ஏதோ மாதிரி இருக்கு"

சத்தமே வரவில்லை என்றால், கோர்ஸ் திறந்தவுடன் ஆடியோ தானாக ஓடும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 2018இல் வந்த குரோம் 66 முதல், பார்ப்பவர் எங்காவது தொடும் வரை ஒலி தானாக ஓடாது. முதல் திரையில் "தொடங்கு" பட்டன் ஒன்று வையுங்கள், தீர்ந்தது.

ஒலி வருகிறது ஆனால் ஆலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் சப்டைட்டில் வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. படத்தோடு பேச்சு ஓடும்போது அதே பேச்சை வரிக்கு வரி எழுத்திலும் போட்டால் கற்பவர் கவனம் சிதறும் என்று ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் காட்டுகின்றன. காது கேளாதவருக்கும் இரைச்சலில் இருப்பவருக்கும் அதே எழுத்துதான் ஒரே வழி. ஆகவே சப்டைட்டில் கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் வேண்டுகிறவர் போட்டுக்கொள்ளும்படி.

இப்போது பெரும்பாலான கோர்ஸ்களில் பேசுவது செயற்கைக் குரல். ஒரு வரி மாறினால் ஸ்டுடியோவுக்குப் போகாமல் திருத்திவிடலாம் என்பது பெரிய வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தமிழ் எழுத்தில் வல்லோசை, மெல்லோசை (k, g போன்ற) வேறுபாடு இல்லாததை அந்தக் குரல் எப்போதும் சமாளிப்பதில்லை. "கேஸ்" என்று எழுதினால் அது சமையல் கேஸா, போலீஸ் கேஸா? எரிவாயுக் கசிவைப் பற்றிய பாடத்தில் குரல் வழக்கைப் பற்றிப் பேசினால், கேட்பவர் ஒரு விநாடி குழம்பிவிடுவார். "பம்ப்", "பேக்" எல்லாம் இதே வகை. திரையில் தமிழிலேயே இருக்கட்டும். குரலுக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்டில் மட்டும் அந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் கொடுத்துப் பாருங்கள், அல்லது டூலில் உச்சரிப்பைத் திருத்துங்கள். எண்களையும் அலகுகளையும் சொல்லாக விரித்து எழுதுங்கள். பிறகு லைனில் வேலை செய்யும் ஒருவரைத் திரையைப் பார்க்காமல் முழுவதும் கேட்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

விபத்தைப் பற்றிப் பேசும் பாடத்துக்கும், பாலியல் துன்புறுத்தலைப் பற்றிப் பேசும் பாடத்துக்கும் மனிதக் குரலே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வலியைப் பற்றிச் சொல்லும்போது கேட்பவருக்கு எதிரே ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

"தமிழ்ல போட்டோம், யாரும் தமிழ்ல பார்க்கலை"

இதைக் கேட்டவுடன் நிர்வாகம் "அப்போ தமிழ் தேவையில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறது. தயவுசெய்து அதற்கு முன் இரண்டு இடத்தில் பாருங்கள்.

முதலில், அது அவர்கள் பேசும் தமிழா? ஒரு மெஷின் பாதுகாப்புக் கோர்ஸில் "அவசரகால நிறுத்த விசையை அழுத்துக" என்று வந்தது. லைனில் அதன் பெயர் "எமர்ஜென்சி". மெஷினில் அந்தச் சிவப்பு பட்டனுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதும் அதுதான். கை மாட்டப்போகிற நேரத்தில் அவர் மனத்தில் எழ வேண்டிய சொல் எது? "எமர்ஜென்சியை அழுத்துங்கள்" என்று எழுதுங்கள். கிளவுஸ், ஃபிக்ஸ்சர், ஸ்கிராப், ரீவொர்க் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதே சமயம் வாக்கியம் தமிழாக இருக்க வேண்டும். "இச்செயல்முறை ஆபரேட்டரால் உறுதிசெய்யப்பட வேண்டும்" என்று எந்தச் சூப்பர்வைசரும் சொல்வதில்லை. "சரியா இருக்கான்னு நீங்களே ஒரு தடவை பாருங்க" என்றுதான் சொல்வார்.

திரை வாரியாக எழுதிய ஆங்கில ஸ்டோரிபோர்டை மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். லைனில் அனுபவமுள்ள ஒருவரிடம் போய், "புதுசா வந்த பையனுக்கு இதை எப்படி அண்ணா சொல்லிக்கொடுப்பீங்க?" என்று கேட்டு ஒலிப்பதிவு செய்துகொள்வேன். தமிழ் ஸ்கிரிப்ட் அதிலிருந்து வரும். நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் மொழிபெயர்ப்பைத் திருத்தித் திருத்திப் போகும் நேரத்தைவிட அதிகமில்லை. தானியங்கி மொழிபெயர்ப்பு இப்போது வெகு விரைவாக வந்துவிடுகிறது, அதனால் இந்தப் படியைத் தாண்டிவிடும் ஆசையும் கூடியிருக்கிறது. அதன் முதல் வரைவை எடுத்துக்கொண்டாலும் இந்த அண்ணாவிடம் காட்டாமல் வெளியிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் பெங்களூரில் மிகவும் முக்கியம். இங்கே தலைமுறைகளாக வாழும் தமிழர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்திருப்பார்கள். அல்சூரிலோ சிவாஜிநகரிலோ வளர்ந்த ஒருவருக்குத் தமிழ் கேட்டால் நன்றாகப் புரியும், வாசிக்க வராமல் இருக்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வந்து போகிறவர்களோ தமிழில் சரளமாக வாசிப்பார்கள், கன்னடம் வாசிக்கத் திணறுவார்கள். இருவரையும் "தமிழ்" என்ற ஒரே பட்டனுக்குள் அடைத்தால் முதலாமவர் எழுத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார், அதுவும் பாதிதான் புரியும். ரிப்போர்ட்டில் அது "தமிழ் வேண்டாம் என்றார்" என்று விழும்.

பேச்சு மொழியையும் எழுத்து மொழியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விடுங்கள். பேச்சு தமிழ், எழுத்து கன்னடம் என்று ஒருவர் வைத்துக்கொள்ள முடிய வேண்டும். ஆடியோவும் சப்டைட்டிலும் தனித்தனி ஃபைலாக இருந்தால் இது பெரிய வேலை இல்லை. ஒரு ஆலையில் இப்படி மாற்றிக் கொடுத்தபின் பேக்கிங் பிரிவில் ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "இந்தத் தடவை நானே பார்த்து முடிச்சேன் தம்பி. போன வருஷம் என் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக் காட்டினா." போன வருட ரிப்போர்ட்டில் அவர் பெயருக்கு எதிரே பச்சைதான் இருந்தது.

"பத்து நிமிஷத்துல விட்டுட்டுப் போயிடறாங்க"

எல்லாரும் ஒரே திரையில் விடுகிறார்களா, ஆளுக்கொரு இடத்தில் விடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒரே திரை என்றால் அந்தத் திரையில் கனமான வீடியோவோ வேலை செய்யாத பட்டனோ இருக்கும். கையும் முகமும் தெரியும் காட்சிக்கு 480 தரம் போதும். எக்செல் கட்டங்களைக் காட்டும் பாடத்துக்கு 720 வையுங்கள். ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்து தன் சொந்த டேட்டாவில் பார்ப்பவருக்கு 1080 வேண்டாம்.

ஆளுக்கொரு இடத்தில் விட்டால் நேரம்தான் பிரச்சினை. சிறு துண்டுப் பாடங்கள் இப்போது எல்லா இடத்திலும் கேட்கப்படுகின்றன, நல்லதுதான். ஆனால் 60 நிமிடக் கோர்ஸை 12 துண்டாக வெட்டினால் 12 துண்டு கிடைக்கும், அவ்வளவே. ஒவ்வொரு துண்டும் வேலையில் எழும் ஒரு கேள்விக்கு முழுப் பதிலாக இருக்க வேண்டும்: "அலாரம் அடிச்சா முதல்ல எதை நிறுத்தணும்?" என்பது போல. திரை ஓடி முடியும் வரை நகரவிடாமல் ஏற்கனவே தெரிந்தவரையும் கட்டிப்போடும் "நெக்ஸ்ட்" பூட்டை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் நிர்வாகத்திடம் தயங்காமல் கேளுங்கள். பயிற்சி வேலையின் பகுதி. அதற்கு வேலை நேரத்தில் இடம் கொடுக்காமல், வீட்டுக்குப் போகிற வழியில் முடிக்கச் சொல்வது நியாயமில்லை.

"ஒருத்தரால மட்டும் முடிக்க முடியலை"

ஒருவர்தானே என்று தள்ளிவிடாதீர்கள். மௌஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் வைத்துக் கோர்ஸை முடிக்கப் பாருங்கள். எங்கே சிக்குகிறீர்களோ அங்கேதான் அவரும் நிற்கிறார். பெரும்பாலும் அது இழுத்து விடும் கேள்வியாக இருக்கும். அக்டோபர் 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டி, இழுக்காமல் தொட்டே செய்யும் மாற்று வழியைக் கேட்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்து இதில் தேறாது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் தமிழும் உண்டு. ஆனால் கோர்ஸின் மொழி "தமிழ்" என்று குறிக்கப்படாவிட்டால் அது ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. இது யாரும் செய்யும் சலுகை அல்ல.

"கோர்ஸ்ல இருக்கறவங்க யாருமே இப்ப இல்லை"

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்துவதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. அதற்கான கோர்ஸில், புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயரை வீடியோவிலேயே பேசிவிடுவார்கள். உறுப்பினர் பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு, ஆகவே அந்தப் பெயர்கள் மாறியே தீரும். புகார் சொல்லத் துணிந்த ஒரு பெண், நிறுவனத்தை விட்டுப் போய்விட்டவரின் எண்ணை அழைத்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். மாறக்கூடிய பெயர், எண், தேதி எதையும் குரலிலும் படத்திலும் வைக்காதீர்கள். ஒரே ஒரு பக்கத்தில் எழுத்தாக வைத்து, அதைப் பார்த்துத் திருத்தும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவிடுங்கள்.

"எல்லாரும் பாஸ், ஆனா தப்பு குறையலை"

இந்தப் புகாரைப் பலர் பிழையாகவே எண்ணுவதில்லை. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய பிழை.

முதலில் கேள்விகளைப் பாருங்கள். பாடமே பார்க்காத ஒருவரை க்விஸ் மட்டும் எழுதச் சொல்லுங்கள். அவர் தேறிவிட்டால் கேள்வி எதையும் அளக்கவில்லை. நீளமான விடையே சரியான விடையாக இருக்கும், "மேலே உள்ள அனைத்தும்" எப்போதும் சரியாக இருக்கும். செயற்கை நுண்ணறிவு நிமிடத்தில் ஐம்பது கேள்வி எழுதித் தருகிறது. ஆவணத்தில் இல்லாததையும் இருப்பதுபோல் கேட்டுவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, வேலை செய்முறை ஆவணமான எஸ்ஓபியின் பக்க எண்ணை எழுதுங்கள், எழுத முடியாத கேள்வியை நீக்குங்கள். "பாதுகாப்பு ஏன் முக்கியம்?" போன்ற கேள்விக்குப் பதில், ஒரு சூழ்நிலையைக் கொடுத்து "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

அடுத்து, மறதி. உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே மறதியின் வேகத்தை அளந்து எழுதினார். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் என்பதைவிட, பாடம் முடிந்த மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அடுத்த மாதமும் இரண்டிரண்டு கேள்வி கைபேசிக்குப் போகட்டும்.

அதன் பிறகு, வேலையிடத்தில் என்ன மாறியது என்று பாருங்கள். பயிற்சி ஆய்வாளர் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை அளக்க நான்கு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு வந்ததா. நம் ரிப்போர்ட்டுகள் இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. சூப்பர்வைசர் கைபேசியில் ஒரு சிறு செக்லிஸ்ட் இருந்தால் மூன்றாம் படி தெரிந்துவிடும். 2013இல் வந்த எக்ஸ்ஏபிஐ என்ற பதிவு விதிமுறை இதுபோல் கோர்ஸுக்கு வெளியே நடப்பதையும் பதிவு செய்ய வழி தருகிறது. எது தேவையோ அதை மட்டும் சேகரியுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆளைக் கண்காணிக்கும் கருவியாகப் பயிற்சி மாறினால் யாரும் மனம் திறந்து கற்கவும் மாட்டார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தவறு குறையவில்லை என்றால், காரணம் பயிற்சியில் இல்லாமல் இருக்கலாம். ஷீட் மெட்டல் வேலை நடக்கும் ஓர் ஆலையில் விரல் வெட்டுக் காயங்கள் நிற்கவில்லை. கிளவுஸ் அணிவது பற்றி மூன்று மாட்யூல் போட்டிருந்தோம், எல்லாரும் தேறியிருந்தார்கள். நான்காவது மாட்யூல் வேண்டும் என்று கேட்டார்கள். எழுதுவதற்கு முன் இரண்டாம் ஷிஃப்டில் போய் நின்றேன். ஓர் ஆபரேட்டரிடம் கேட்டேன், மறைக்காமல் சொன்னார்: "கிளவுஸ் போட்டா பீஸ் வழுக்குது சார். போடலைன்னா கை போகுது, போட்டா டார்கெட் போகுது." ஸ்டோரில் இருந்தது ஒரே பெரிய சைஸ். கிழிந்ததை மாற்றக் கையெழுத்துப் போட வேண்டியவர் முதல் ஷிஃப்டோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

இதை அப்படியே எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தோம். பிடிமானமுள்ள கிளவுஸ் மூன்று சைஸில் வந்தது, பெட்டி லைனுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டது, கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. நான்காவது மாட்யூல் எழுதவில்லை, பழைய மூன்றையும் நீக்கிவிட்டோம். அவற்றின் இடத்தில் இப்போது 4 நிமிட வீடியோ ஒன்று இருக்கிறது. ஷீட்டை எந்த ஓரத்தில் பிடிப்பது, கிழிந்த கிளவுஸை எங்கே போட்டுப் புதியதை எடுப்பது, இவ்வளவுதான் அதில். பேசுகிறவர் அந்த ஆபரேட்டரே, திரையில் தெரிவதும் அவர் கைதான்.